கருங்கல்லின் இரண்டு பக்கம்

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பெருங்களத்தூரில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். வாசலைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்ததும் ஓய்வு பெற்றதே மறந்துபோய்விட்டது. இரும்புச் சிற்பத்தின் மேல் யாரோ தொங்கவிட்டிருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். பழக்கம், விடுவதில்லை.

விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது, ஓவியத்தை எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு தெரியவும் தெரியாது. மாடியில் ஓவியக் கூடங்கள், அவற்றுக்குக் கட்டணம். நான் வேலை பார்த்தது கீழே, கூரையில்லாத இந்தச் சிற்ப முற்றத்தில். இங்கே வருகிறவர் எதுவும் தர வேண்டாம். பெயர் சொல்ல வேண்டாம். எதற்கு வந்தீர்கள் என்று நாமும் கேட்பதில்லை. ஒரு நவீனக் கலைக்கூடத்துக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதை நம்புவதற்கே இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

திறந்த புதிதில் யாருமே வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போகிறவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்குவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் பூக்கூடையோடு போன ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்.

"டிக்கெட் எவ்ளோம்மா?"

"டிக்கெட்டே இல்லீங்க. சும்மா வந்து பாக்கலாம்."

"சும்மான்னா இன்னாத்துக்கு வாசல்ல வாட்ச்மேன் குந்திகினு கீறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய இயக்குநரிடம் போய் இதைச் சொன்னேன். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது, பேசவும் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் நானும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. உடனே எழுந்து கீழே வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த ஜோசப் அண்ணனை எழுப்பி, அவருடைய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய், முற்றத்தின் கடைசியில் குடிநீர்க் குழாயின் பக்கத்தில் போட்டார்.

"ஜோசப், இனிமே நீங்க காவலுக்கு இல்ல. தண்ணி எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லுங்க. மத்தபடி பாத்துக்கிட்டு இருங்க, அது போதும்."

அந்த வாரமே ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், வண்டலூரில் மிருகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள். நாம் எழுதி மாட்டுகிற பலகையை யாரும் படிப்பதில்லை. நாம் எங்கே, எப்படி நிற்கிறோம் என்பதைத்தான் படிக்கிறார்கள். இந்த வேலையில் நான் கற்ற முதல் விஷயம் அதுதான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தின் நடுவில் நிற்கிற கருங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். சுவர்போல அகலம், ஆளைவிட உயரம். நெஞ்சளவில் ஒரு துளை. அந்தத் துளை கிழக்குப் பக்கம் சாப்பாட்டுத் தட்டளவுக்குத் திறந்து, உள்ளே போகப் போகச் சுருங்கி, மேற்குப் பக்கம் ஒரு கை மட்டும் நுழைகிற அளவில் முடிந்திருந்தது. ஒரு பக்கம் நிற்கிறவருக்கு மறுபக்கம் இருப்பவர் தெரிய மாட்டார், கை மட்டும் தெரியும். சிற்பி நினைத்துச் செய்ததும் அதைத்தான்.

அன்று முகூர்த்த நாள். மத்தியான வெயில் இறங்கிய நேரத்தில் ஒரு கல்யாண ஜோடி வந்தது. காலையில் குன்றத்தூர் முருகன் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். நடுவில் போட்டோ எடுக்க இங்கே வந்திருந்தார்கள். பெண்ணின் பெயர் நித்யா, சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை கார்த்தி, அனகாபுத்தூர்க்காரர். கூடவே மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி, இரண்டு வேன் சொந்தக்காரர்கள்.

போட்டோகிராபருக்கு ஒரு யோசனை. நித்யா கிழக்குப் பக்கம் நின்று துளையில் கையை விட வேண்டும். மேற்குப் பக்கம் வெளியே வருகிற கைக்கு, கார்த்தி தன் அம்மா கொடுத்த தங்க வளையலைப் போட்டுவிட வேண்டும். கல்லிலிருந்து ஒரு கை முளைத்து, அதற்கு வளையல் போடுவதுபோல் படம். நல்ல யோசனைதான், நானே நின்று பார்த்தேன்.

வளையல் கொஞ்சம் இறுக்கம். கார்த்தி விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தி ஏற்றிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தாயிற்று. நித்யா கையை இழுத்தாள். வளையல் துளையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. வளையல் துளையைவிடப் பெரிது. சரி, கழற்றிவிடலாம் என்றால், இறங்கவில்லை. கார்த்தி இழுத்தார். அவருடைய மாமா இழுத்தார். போட்டோகிராபரும் ஒரு கை பார்த்தார். ஆளுக்கு ஆள் இழுக்க இழுக்கக் கை வீங்கியது. மருதாணி போட்ட விரல்கள் தடித்துப்போய் வேறு யாருடைய விரல்களோ மாதிரி ஆயின.

நான் ஓடினேன். யாரோ தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "எண்ணெய் வேணாம் மேடம், மெருகு போடாத கல்லு, குடிச்சிடும். கறை போகவே போகாது."

"கறை இருந்துட்டுப் போகட்டும். ஊத்துங்க," என்றேன்.

எண்ணெய், சோப்புத் தண்ணீர், ஜூஸ் கடையிலிருந்து ஐஸ். ஒன்றும் பலிக்கவில்லை. நகங்கள் லேசாக நீலம் பாரித்தன. ஜோசப் அண்ணன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

அதற்குள் முற்றம் முழுக்க ஜனம். ஞாயிற்றுக்கிழமை, இலவச இடம், கல்லில் மாட்டிய கல்யாணப் பெண். கேட்க வேண்டுமா. எங்கு திரும்பினாலும் தூக்கிப் பிடித்த போன்கள். என் போனும் அடித்தது. அறங்காவலர்களில் ஒருவர். யாரோ அவருக்கு அதற்குள் சொல்லிவிட்டார்கள்.

"கேட்டை மூடுங்க. எல்லாரையும் வெளிய அனுப்புங்க. வீடியோ ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. கல்லுல யாரும் உளி வைக்கக் கூடாது."

"சார், கேட்டை மூடினா வெளிய தள்ளுமுள்ளு ஆகும். தீயணைப்பு வண்டி எப்படி உள்ள வரும்?"

"நான் சொல்றதைச் செய்யுங்க." வைத்துவிட்டார்.

ஜோசப் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "திறந்தே இருக்கட்டும் அண்ணா," என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று பெரிய வீரம் பேசவில்லை. அந்த நிமிஷத்தில் அது ஒன்றுதான் சரி என்று தெரிந்தது. பயம் பிறகுதான் வந்தது.

தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். அதிகாரி கையைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். "கல்லை இப்ப உடைக்க முடியாது. உள்ள கை இருக்கு, ஒரு சில்லு தெறிச்சாப் போச்சு. வளையலை வெட்டினா ரெண்டு நிமிஷ வேலை," என்று சின்ன வெட்டும் கருவி ஒன்றை எடுத்தார்.

தனலட்சுமி அம்மா பாய்ந்து வந்து அந்தக் கைக்கு முன்னால் நின்றுகொண்டார். அனகாபுத்தூரில் டிபன் கடை நடத்துகிறவர். குரலுக்கு மைக் தேவையில்லை.

"இன்னாது, வெட்டுறதா? காலைல தாலி ஏறிக் கீது. சாயங்காலம் வளையலை வெட்டுவியா நீ? என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அம்மா, விரல் நீலமாயிட்டிருக்கு."

"கல்லு தானே, கல்லை ஒட. கல்லுக்கு இன்னா உயிரா போவப் போவுது? வளையல்ல கை வெச்சே, நடக்கிறது வேற."

சொந்தக்காரர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். வெட்டலாம் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று ஒரு கூட்டம். கார்த்தி ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நித்யாவின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரங்க ஒத்துக்கணும் மேடம். நீங்க பேசுங்க. நேரமில்ல."

நானும் பேசினேன். நகையை ஒட்ட வைத்துக்கொள்ளலாம், கையை ஒட்ட வைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா காதில் ஏறவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கை. எண்ணெய் வழிகிற கை. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்ததும் அதைத்தான். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. இந்தக் கைக்குச் சொந்தக்காரி எங்கே?

கல்லைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினேன்.

அங்கே யாருமே இல்லை. நித்யா தனியாக நின்றுகொண்டிருந்தாள். துளை அவளுக்குக் கொஞ்சம் உயரம். கால் விரல்களை ஊன்றி, தோள்வரை கல்லுக்குள் கையைக் கொடுத்து, கன்னத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கண்மை தாடைவரைக்கும் இறங்கியிருந்தது. அழவில்லை. உதடு வறண்டு வெளுத்திருந்தது.

"மேடம், அங்க என்ன சண்டை?" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல. மாத்தி மாத்தி இழுக்கறாங்க. யார்னுகூடத் தெரியல. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவ்வளவு பேர் இருந்தும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஜோசப் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீரையும் தன் நாற்காலியையும் சேர்த்தே கொண்டுவந்தார். நாற்காலியைக் கிடத்தி அதன் முதுகில் அவளை ஏறி நிற்க வைத்தோம். பாதம் பதிந்ததும் தோள் இளகியது. தண்ணீர் குடித்துவிட்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"வளையலை வெட்டணும்னு சொல்றாங்க. உன் அத்தைக்கு மனசு வரல," என்றேன்.

"அவங்களைத் திட்டாதீங்க மேடம். அது அவங்க கல்யாணத்துக்குப் போட்ட வளையல். இன்னிக்குக் காலைலதான் முதல் தடவையா கழட்டினாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்களை இங்க வரச் சொல்றீங்களா? நான் பேசிக்கிறேன்."

திரும்பி ஓடிப்போய்த் தனலட்சுமி அம்மாவின் கையைப் பிடித்தேன். "வாங்கம்மா, மருமக கூப்பிடுது." அவர் கைக்கு முன்னாலிருந்து நகர மாட்டேன் என்றார். "யாரும் வெட்ட மாட்டாங்க. என் பொறுப்பு. ஒரு நிமிஷம் வந்து அந்தப் பொண்ணைப் பாருங்க," என்று ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனேன்.

கல்லைத் திரும்பியதும் அந்த அம்மாவின் குரல் அப்படியே நின்றது. நாற்காலி முதுகில் நிற்கிற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். தன் முந்தானையை எடுத்து அவள் முகத்து மையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இப்டியா நின்னுகினு இருந்தே இவ்ளோ நேரம்? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேன் அத்தை. உங்க குரல்ல என் குரல் கேக்கல."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். நான்தான் என்று நினைக்கிறேன். தனலட்சுமி அம்மாவுக்கும் உதட்டோரம் துடித்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"முதல்ல வலிச்சிது. இப்ப மரத்துப்போச்சு அத்தை. அதான் பயமா இருக்கு."

அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பின்னாலேயே வந்து நின்ற தீயணைப்பு அதிகாரி பக்கம் திரும்பினார். "வெட்டு தம்பி. ஆனா ஒண்ணு. அந்தச் சத்தம் இவ காதுலயும் என் புள்ள காதுலயும் வுழக் கூடாது. கெட்டிமேளம் வேணும். கெட்டிமேளம் இல்லாம கை வெக்காத."

கல்யாணத்தில் கூடாத சத்தம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்றுதானே தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுகிறோம். அவர் கேட்டது நியாயம். ஆனால் மேளத்துக்கு எங்கே போவது?

கூட்டத்தைப் பார்த்தேன். அத்தனை போன்களும் இன்னும் மேலேயே இருந்தன. அருகில் கிடந்த கல் மேடையில் ஏறினேன். சிற்பம் வைக்கிற மேடை அது, ஏறக் கூடாது, நீங்கள் ஏறாதீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இது கல்யாணப் பொண்ணு. சாயங்காலம் ரிசப்ஷன். இப்ப வளையலை வெட்டப் போறாங்க. அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேக்கக் கூடாது. உங்ககிட்ட ரெண்டு உதவி கேக்கறேன். போனை உள்ள வைங்க. இவங்களைச் சுத்தி நின்னு, முதுகைக் காட்டித் திரும்பிக்கோங்க. அப்புறம் உங்களால எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவும் போடுங்க. கெட்டிமேளம் நீங்கதான்."

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றான். பக்கத்துப் பையனின் தோளைப் பிடித்து அவனையும் திருப்பினான். "திரும்புடா மச்சான்." ஒரு பர்தா போட்ட பெண் தன் பிள்ளைகளைத் திருப்பி நிறுத்தினார். அப்படியே ஒவ்வொருவராக, வரிசை வரிசையாக, முற்றம் முழுவதும் முதுகு காட்டித் திரும்பியது. முற்றத்தில் எத்தனையோ சிற்பங்களை நிறுவியிருக்கிறோம். அந்த வளையம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அக்கா, இந்த இரும்புல தட்டலாமா? நல்லா அதிரும்," என்று அந்தப் பையன் பக்கத்துச் சிற்பத்தைக் காட்டினான்.

"அதுல வேணாம். தோ, அந்த காலி தண்ணி கேனை எடுத்துக்கோ."

அவன் எடுத்துக்கொண்டான். தனலட்சுமி அம்மா மருமகளை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் ஐயர் சொல்வதுபோல் கை தூக்கினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்."

அப்பா, அந்தச் சத்தம். தண்ணீர் கேன், ஹெல்மெட், டிபன் பாக்ஸ் மூடி, கைதட்டல், விசில். யாரோ வாயாலேயே நாயனம் வாசித்தார். சாலையில் நின்றுவிட்ட ஆட்டோக்காரர்கள் விஷயம் தெரியாமலே ஹாரன் அடித்தார்கள். கருவி ஓடியதை நான் கண்ணால்தான் பார்த்தேன், காதால் கேட்கவில்லை. வளையல் பிளந்தது. அதிகாரி அதை விரித்து எடுத்தார். கார்த்தி அவள் கையை மெதுவாகத் துளைக்குள் தள்ள, எண்ணெய் வழவழப்பில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபக்கம் நித்யா கையை வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதும் மேளம் நிற்கவில்லை. திரும்பி நின்றவர்களுக்கு முடிந்தது தெரியாதே. நான்தான் போய் ஒவ்வொருவர் தோளாகத் தட்டி, "வந்துடுச்சு, கை வந்துடுச்சு," என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. கையில் கட்டோடு ரிசப்ஷனில் நின்றாள். நானும் போயிருந்தேன். தண்ணீர் கேன் அடித்த பையனும் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அறங்காவலர்கள் கூடினார்கள். போனில் பேசியவர் கோபமாக இருந்தார். "இலவசம்னா இப்படித்தான் ஆகும். டிக்கெட் போடணும், இல்லைன்னா சிற்பத்தைச் சுத்திக் கயிறாவது கட்டணும். வீடியோ எத்தனை போச்சோ."

"தேடிப் பாருங்க சார்," என்றேன்.

அங்கேயே எல்லோரும் போனில் தேடினார்கள். ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் முழுக்க முதுகுகள், காது கிழிகிற கைதட்டல். என்ன நடக்கிறதென்று யாருக்கும் புரியாது.

"நான் யாரையும் வெளிய அனுப்பல. திரும்பி நில்லுங்கன்னு கேட்டேன், நின்னாங்க. கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தா என் பேச்சை ஏன் சார் கேக்கப் போறாங்க?"

அவர் அந்த வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். டிக்கெட் பேச்சு அன்றோடு நின்றது. உங்களுக்கும் நெருக்கடி வரும். அப்போது எல்லோரும் ஒரே பக்கம் நின்று சத்தம் போடுவார்கள். நீங்கள் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அங்கே யாரோ ஒருவர் தாகத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

துளையை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அடைத்துவிடலாம் என்றார்கள். சிற்பியை வரவழைத்தோம். மனுஷன் எண்ணெய்க் கறையைத் தடவிப் பார்த்தார். பிறகு உளியோடு வந்து, முற்றத்திலேயே எல்லோரும் பார்க்க, துளையின் சின்ன வாயைக் குடைந்து அகலமாக்க ஆரம்பித்தார். சுற்றிலும் எப்போதும் கூட்டம்.

ஒரு மத்தியானம் தனலட்சுமி அம்மா வந்தார், கூடவே நித்யா. மாவாட்டி உரமேறிய தன் முன்கையை நீட்டிக் காட்டினார். ஒரு கை நிறையக் கண்ணாடி வளையல். "என் கை நொழைஞ்சா இந்தத் தாம்பரத்துல எல்லார் கையும் நொழையும்பா," என்று சிற்பியிடம் சொல்லிவிட்டுத் துளைக்குள் விட்டார். பாதியில் முட்டியது. "இன்னும் கொஞ்சம் கொட." சிற்பி குடைந்தார். மறுபடி விட்டார். "இன்னும்."

சிற்பிக்கு வேர்த்துக் கொட்டியது, அந்த அம்மா விடுவதாக இல்லை. கடைசியில் ஒரு தடவை, வளையல் ஒன்றுகூட உரசாமல் தோள் வரைக்கும் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது அந்தக் கை. அங்கே நின்றிருந்த நித்யா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"போதும்பா, நிறுத்து," என்றார் தனலட்சுமி அம்மா. கையை மட்டும் உடனே எடுக்கவில்லை.